நான்கு ஹெக்டேர் காட்டின் ஈக்களுக்கு 59 வல்லுநர்களா?

கேள்வி: கோஸ்டா ரிகாவின் சுர்க்கி மேகக் காட்டில், நான்கு ஹெக்டேர் நிலத்தின் ஈக்களை இனங்காண 59 வகைப்பாட்டியலாளர்கள் இணைந்தார்கள் என்று படித்தேன். சிறு குழு போதாதா?

பதில் 1: போதாது. ஓராண்டுச் சேகரிப்பில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 4,332 இனங்கள் கிடைத்தன. மத்திய அமெரிக்கா முழுவதற்கும் பெயரிடப்பட்டிருந்த ஈ இனங்களின் எண்ணிக்கையில் இது பாதிக்கும் மேல். பல குடும்பங்களில் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தால்தான் இனம் பிரியும் என்பதால், ஒரு குடும்பத்தில் தேர்ந்தவர் அடுத்த குடும்பத்தில் வெறும் மாணவரே.

பதில் 2: மாதிரிகளை முதலில் வகை பிரித்து ஒழுங்குபடுத்தி வல்லுநர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்ப உதவியாளர்களை மறந்துவிட வேண்டாம்; என் பார்வையில் கடினமான பங்கு அவர்களுடையது.

கேட்டவர்: டிஎன்ஏ குறியீடு (சிறு மரபணுத் துண்டை ஒப்பிட்டு இனங்களைப் பிரித்தறியும் முறை) இவ்வேலையைச் சுருக்காதா?

பதில் 1: பிரிப்பதற்கு உதவும், ஆனால் புதிய இனத்தை விவரித்துப் பெயரிட வல்லுநரே வேண்டும்.