பொருள்: ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி பிட்னஸ்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு,
சிறுவயதில் புற்றுநோய் வந்து சிகிச்சை முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேலே உள்ள ஒன்றுக்குத்தான் சொல் அகப்படவில்லை. உடல் பாடுபடும்போது இதயமும் நுரையீரலும் தசைக்கு எவ்வளவு ஒட்சிசனைக் கொண்டுசேர்க்கின்றன, தசை அதில் எவ்வளவைப் பயன்படுத்துகிறது என்பதே பொருள். டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய பிள்ளைக்கு இதயத் தசை பல ஆண்டுகள் கழித்தும் தளரலாம். வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு மருந்து காலின் நரம்பைத் தாக்கக்கூடியது. ஸ்டீரொயிட்டால் தசை கரைந்து கொழுப்பு கூடும். எடை சரியாகவே இருக்கும். பிள்ளையோ கல்லடிப் பாலத்தைக் கடப்பதற்குள் இளைத்துப்போகும்.

கல்முனையிலிருந்து:

மகள், விளையாட்டு ஆசிரியர்கள் வழங்கும் சொல் இருக்கிறதே: உடற்றகைமை. தயவுசெய்து ‘உடற்தகைமை’ என்று எழுதாதீர்கள். நிலைமொழி லகரமும் வருமொழித் தகரமும் றகரமாகத் திரியும். உடற்றொழிலியல் என்று பிழையின்றி எழுதுகிறவர்கள் இதில் மட்டும் ஏன் தவறுகிறோம்? முன்னால் ‘இதய சுவாச’ என்று சேர்த்தால் போதும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

ஐயா, தகைமை என்றால் இங்கே கல்வித் தகைமை, வேலைக்கான தகைமை. ‘உங்கள் பிள்ளைக்குத் தகைமை குறைவு’ என்று ஒரு தாயிடம் என்னால் சொல்ல முடியாது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட விடாமல் மர நிழலில் உட்காரவைத்த பிள்ளையின் தாய் அவர்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

‘உரம்’ இருக்கும்போது என்ன தேடல்? மார்பு என்றும் பொருள், வலிமை என்றும் பொருள். உரன் என்னும் தோட்டி (அங்குசம்) என்றார் வள்ளுவர். இதயமும் நுரையீரலும் மார்புக்குள்தான் இருக்கின்றன. ஒரே சொல்லில் இடமும் திறனும் வந்துவிடுகின்றன. ‘நெஞ்சுரம்’ என்றும் வைக்கலாம். இன்னொன்று: கைநூலில் மெட்டபாலிசத்துக்கு ‘அனுசேபம்’ என்று கண்டேன். சேபம் வடசொல். ‘வளர்சிதை மாற்றம்’ என்று திருத்துங்கள். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணிலிருந்து எழுதுகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

சம்மாந்துறையிலிருந்து:

இங்கே வயல்காரரிடம் உரம் என்றால் யூரியாதான் நினைவுக்கு வரும். மார்பு என்னும் பொருளில் அது வடமொழி ‘உரஸ்’. தூய்மைக்காக அதை எடுப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று ஆண்டு மருந்தைத் தாங்கிய பிள்ளையைப் பார்த்து நெஞ்சுரம் குறைவு என்பது அநியாயம். சிதை என்றால் ஈமவிறகு என்றும் பொருள். அதை அந்தப் பெற்றோரின் கண்ணில் படவைக்க வேண்டுமா? சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவர்களுக்கு அனுசேபம் தெரியும். அது இருக்கட்டும்.

தங்கச்சி, நீங்கள் சொல் தேடும் அந்தத் திறனை அளக்கும் அலகைப் பாருங்கள்: உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு நிமிடத்தில், இத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசன். நிமிடத்தால் வகுத்தால் அது வீதம். சக்தி மாறும் வீதத்தை நம் பௌதிகவியல் வலு என்கிறது. ‘தாங்குதிறன்’ என்று வைக்கலாமே என்றால், அது எவ்வளவு நேரம் என்ற கேள்வி. இங்கே கேள்வி எவ்வளவு வேகம் என்பது. ஆகவே ‘மூச்சுவலு’. பயிற்சியால் வலு கூடும் என்று ஒரு தாய்க்கு விளக்கமே இல்லாமல் புரியும்.

கல்முனையிலிருந்து:

இதயம் எங்கே போனது? பழுதுபட்டது அதுவாக இருக்க, சொல்லில் மூச்சு மட்டும் நிற்கிறது. பெற்றோர் நுரையீரல் நோய் என்று எண்ணி, இதயப் பரிசோதனையைத் தவறவிட்டால் யார் பொறுப்பு?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

ஐயாவின் அச்சம் சரியானது. ஆனாலும் இதயம் தளர்ந்தாலும் பிள்ளை முதலில் சொல்வது ‘மூச்சு வாங்குகிறது’ என்பதைத்தான். பலரும் ஆதரித்ததால் ‘மூச்சுவலு’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் முதல் வரி: “மூச்சுவலு இதயத்திலிருந்து தொடங்குகிறது, பயிற்சிக்கு முன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.”

கல்முனையிலிருந்து:

வரி நன்று. சொல்லை நான் ஏற்கவில்லை.