பெரியவர்களுக்கு டெக்ஸா ஸ்கேன்: எங்கே தப்பாகிறது?

செம்பூர், ஸ்கேன் டெக்னீஷியன்:
டெக்ஸா என்பது எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரே மூலம் அளக்கும் ஸ்கேன். இதில் நம்ம ஆட்களிடம் முதல் தொல்லை உலோகம். தாத்தாக்களின் வெள்ளி அரைஞாண் நேராகக் கீழ்முதுகு முள்ளெலும்பின் மேல் விழும். புடவைக் கொசுவத்தில் குத்திய ஊக்கும் அப்படித்தான். மெஷின் அதையும் எலும்புக் கணக்கில் சேர்த்துவிடும். தாலியைக் கழற்ற வேண்டாம், மார்புக்கு மேலே தள்ளிக்கொண்டால் போதும். கால்சியம் மாத்திரையை 24 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். கரையாமல் வயிற்றில் கிடந்தால் படத்தில் தெரியும். பட்டினி தேவையில்லை.

இடுப்புக்கு எடுக்கும்போது காலை உள்பக்கமாக 15 முதல் 25 டிகிரி திருப்பிக் கட்டுவோம். முட்டிவலிக்காரர்கள் இங்கேதான் நெளிவார்கள். கால் வெளியே திரும்பிவிட்டால் தொடையெலும்புக் கழுத்து குறுகிவிடும், அடர்த்தி கூடுதலாகக் காட்டும். வலித்தால் சொல்லுங்கள், நிதானமாக எடுக்கலாம்.

மாட்டுங்கா, எலும்பு டாக்டர்:
தம்பி சொன்னது ரொம்பச் சரி. ரிப்போர்ட்டிலும் கவனம் வேண்டும். டி-ஸ்கோர், அதாவது இளம் வயது எலும்போடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்வு நோய். ஆனால் எழுபதைத் தாண்டியவர்களுக்கு முதுகின் டி-ஸ்கோரை அப்படியே நம்பாதீர்கள். தேய்மானத்தில் முளைத்த எலும்பு முள், சுண்ணாம்பு படிந்த மகாதமனி, நசுங்கிப்போன முள்ளெலும்பு எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். கீழ்முதுகின் நான்கு முள்ளெலும்புகளுக்கும், எல்1 முதல் எல்4 வரை, தனித்தனி எண்ணைப் பாருங்கள். ஒன்று மட்டும் பக்கத்து எலும்பைவிட டி-ஸ்கோரில் 1-க்கு மேல் விலகியிருந்தால் அதை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும், குறைந்தது இரண்டு எலும்பாவது மிஞ்ச வேண்டும். முதுகு மைனஸ் 0.8, இடுப்பு மைனஸ் 2.7 என்றால் இடுப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடையெலும்புக் கழுத்தின் ஒரு சின்னப் பகுதியைக் காட்டும் 'வார்ட்ஸ்' என்ற வரி மிகக் குறைவாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நோயைத் தீர்மானிக்க அது உதவாது.

முலுண்ட், பிசியோதெரபிஸ்ட்:
குடியிருப்பு சொசைட்டி முகாமில் குதிகாலை வைத்துப் பார்ப்பது அல்ட்ராசவுண்ட், டெக்ஸா இல்லை. அந்த எண்ணை வைத்து மாத்திரை தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஒரு சந்தேகம்: இரண்டு இடுப்பு மூட்டும் ஆபரேஷனில் மாற்றியவர்களுக்கு எங்கே எடுப்பீர்கள்?

செம்பூர், ஸ்கேன் டெக்னீஷியன்:
முன்கை எடுப்போம் அக்கா, வழக்கமாகப் புழங்காத கையில். புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், எல்லா சென்டரிலும் அந்த வசதி இருக்காது. அடுத்த முறையும் அதே மெஷினில்தான் எடுக்க வேண்டும். வேறு கம்பெனி மெஷின் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. தாளோடு படத்தையும் கேட்டு வாங்குங்கள்.