பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம்: அடுத்த கட்டடத்தை எப்படிக் கேட்பது?

கேள்வி (தென்கடல்கரை வாசகி)

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரைக்கும் மூக்கையூருக்கும் இடையே மன்னார் வளைகுடாவை ஒட்டிய சிறிய மீனவக் கிராமம் எங்களுடையது. நாட்டுப்படகையும் வள்ளத்தையும் நம்பி ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள் வாழ்கின்றன. ஊர்ப் பணத்தோடு அரசு நிதியும் சேர்ந்து ஒரு பொதுக் கட்டடம் எழுப்பும் வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. மனுவை எழுதும் பொறுப்பை ஊர்க் கமிட்டி என்னிடம் கொடுத்திருப்பதால், விவரம் அறிந்தவர்களின் யோசனையைக் கேட்கிறேன்.

எங்களுக்கு முன்பே ஒரு சமுதாயக் கூடம் உண்டு. கட்டிப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை; அதற்குள் கூரையின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. கல்யாணத்துக்கும் வாக்குப்பதிவுக்கும் மட்டுமே திறக்கப்படும் அந்தக் கட்டடத்தின் சாவி எங்கள் ஊரிலேயே இல்லை. ஜன்னல்கள் சிறியவை என்பதால் உச்சி வெயிலில் உள்ளே நிற்க முடியாது. ஆனால் அதன் வெளிச்சுவரின் நிழலில் தினமும் பத்துப் பதினைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். காலையில் மேற்குச் சுவரோரம் அமர்பவர்கள், வெயில் ஏற ஏற நிழலோடு நகர்ந்து, பிற்பகலில் கிழக்குச் சுவருக்கு வந்துவிடுவார்கள். வலையையும் நூல்கட்டையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் இடம் மாறுவதை நான் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், உறுதியான மாடிக் கட்டடம் ஒன்றே போதும் என்கிறார்கள். இளைஞர்கள் மண்டபம் கேட்கிறார்கள். பெண்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. மனுவில் எதைக் கேட்பது?

மறுமொழி 1 (கட்டடக்கலைஞர், மதுரை)

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே பாதி வரைபடம் இருக்கிறது. சுவரின் நிழலைத் தேடி மக்கள் நகர்கிறார்கள் என்றால், அந்த ஊர் ஏற்கெனவே தனக்கு வேண்டிய கட்டடத்தைச் சொல்லிவிட்டது. புயல் மையம், சமுதாயக் கூடம், வலைக்கூடம் என்று மூன்றாகப் பிரித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரைத்தளம் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கூடமாக இருக்கட்டும். அங்கே பகலில் வலை பின்னலாம், படகு கரையேறும் நேரத்தில் மீன் ஏலம் விடலாம். மாடி, புயல் நாளில் தங்குமிடமாகவும் மற்ற நாட்களில் பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் மகளிர் குழு கூடும் இடமாகவும் இருக்கட்டும். தினமும் ஆள் புழங்கும் கட்டடத்தில் விரிசல் விழுந்தால் அன்றே யாராவது பார்த்துச் சொல்வார்கள். ஆண்டுக்கு நான்கு நாள் திறக்கும் கட்டடத்தில் அது யார் கண்ணிலும் படாது.

உலகின் மறுகோடிகளில் இதே கேள்விக்கு நல்ல விடைகள் கிடைத்திருக்கின்றன. கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2022இல் பெற்ற பிரான்சிஸ் கேரே, மேற்கு ஆப்பிரிக்காவின் பர்கினா பாசோவில் தாம் பிறந்த காண்டோ கிராமத்தில் 2001இல் கட்டி முடித்த தொடக்கப்பள்ளியில், செங்கல் மச்சுக்கு மேலே இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரையை உயர்த்தி வைத்தார். வெயிலைத் தகரம் வாங்கிக்கொள்ள, இடைவெளியில் ஓடும் காற்று சூட்டை எடுத்துச் செல்கிறது. ஊராரே மண்ணும் கல்லும் சுமந்து கட்டியதால், பிறகு அதைப் பழுதுபார்க்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிரிந்தவில் இஸ்லாமிய மீனவக் குடும்பங்களுக்கு வீடு வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகேரு பான், அவர்களிடம் கேட்டறிந்த பின்னர், அறைகளுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே பாதி திறந்த ஒரு கூடத்தை வைத்தார். ஆனால் உங்கள் கரைக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு வங்கதேசத்தின் சாத்கிராவில் காஷெப் சௌதுரி கட்டிய 80 படுக்கை மருத்துவமனைதான். அங்கும் நிலத்தடி நீர் உப்பு. அதனால் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கால்வாய் வெட்டி, கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையை அதில் சேர்க்கிறார்கள்.

இராமநாதபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். 200 சதுர மீட்டர் கூரை இருந்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், சுமார் 1,28,000 லிட்டர் நீர் சேரும். குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்ணீருக்கு அலையும் ஊரில் அது சிறிய அளவன்று. கூரையை வரையும்போதே தொட்டியையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள்.

கச்சான் காற்று எந்த மாதத்தில் எந்த மூலையிலிருந்து மணலை வாரி அடிக்கும், வாடையில் சாரல் எதுவரை உள்ளே வரும் என்பதை ஊர்ப் பெரியவர்களோடு அந்த இடத்திலேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் துளைச்சுவர், எந்தப் பக்கம் திறப்பு என்பதை அதைக் கொண்டே முடிவு செய்ய முடியும்.

மறுமொழி 2 (கட்டுமானப் பொறியாளர், இராமநாதபுரம்)

மேலே சொன்ன வடிவத்தை ஏற்கிறேன். ஆனால் நம் கடற்கரையில் கட்டடத்தைக் கொல்வது உப்பு என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு காப்புப்படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்ததும் துரு தொடங்குகிறது. துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் தேவைப்படுவதால் அது உள்ளிருந்தே காரையைப் பிளந்து தள்ளுகிறது. உங்கள் பழைய கூடத்தின் கூரையில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே.

இதைத் தடுக்கும் விதி நம்மிடம் இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்கு எம் 30 தரக் கான்கிரீட்டையும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. காரையையும் கேட்கிறது. உப்புச்சாரல் நேரே படும் இடத்தில் அவை எம் 35, 50 மி.மீ. என்று உயர்கின்றன. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. பணிக்கு வந்த புதிதில், தொண்டிப் பக்கம் ஒரு வேலையில் லாரித் தண்ணீர் இரண்டு நாள் வராததால், ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் உத்தரம்) கலவை போட நான் அனுமதித்தேன். வாயில் வைத்துப் பார்த்தால் கரித்த நீர் அது. ஆறாவது ஆண்டில் அந்த லிண்டல் நீளவாக்கில் பிளந்திருந்ததைப் போய்ப் பார்த்தேன். அந்தத் தவறு என்னுடையது, இன்றுவரை மறக்கவில்லை.

எனவே கான்கிரீட் போடும் நாளில் ஊரார் இருவர் அங்கே நின்று இரண்டே இரண்டைக் கவனித்தால் போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கம்பிக்கு அடியில், அதைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டை சரியான அளவில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கையில் கிடைத்த ஜல்லியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தால், ஆள் மிதித்ததும் அது நழுவி, கம்பி பலகையோடு படுத்துவிடும். அந்த நிலையில் கலவையைக் கொட்ட விடாதீர்கள்.

கேரளத்தில் சிக்கனக் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் லாரி பேக்கரை நான் பெரிதும் மதிக்கிறேன். திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் மீனவர்களுக்காக அவர் வீடுகளை வரிசை கலைத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் கடல் காற்றும் வலை உலர்த்த முற்றமும் கிடைக்கச் செய்தது இன்றும் பாடம்தான். ஆயினும் அவர் பரப்பிய, ஓடு பதித்த கான்கிரீட் கூரையை அலைச்சாரல் எட்டும் இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடுகளுக்கு இடையே ஓடும் கம்பியைச் சுற்றி 45 மி.மீ. காரையைச் சீராக நிறுத்தத் தேர்ந்த கொத்தனார் வேண்டும். ஒப்பந்த வேலையில் அவர் கிடைப்பது அரிது. பழைய வீடுகளைக் காட்டி யாராவது முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

மனுவின் சொல்லிலும் கவனம் தேவை. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2011ஆம் ஆண்டு அறிவிக்கை, மற்ற கட்டுமானங்களைத் தடுக்கும் பகுதியிலும் உள்ளூர் மீனவர்களுக்கான ஏலக்கூடம், வலை சீர்செய்யும் இடம், மீன் உலர்த்தும் களம் ஆகியவற்றுக்கு இடம் தந்தது. கல்யாண மண்டபம் அந்தப் பட்டியலில் இல்லை. உண்மையான பயன்பாட்டை உள்ளபடி எழுதுவதே உங்களுக்குச் சாதகம்.

மறுமொழி 3 (மகளிர் குழு உறுப்பினர், பாம்பன்)

தங்கச்சி, பெண்களிடம் யாரும் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதிய வரியில் நின்றுவிட்டேன். 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்கள் பக்கம் வந்தபோது, எங்களை ஒரு கட்டடத்தில் தங்க வைத்தார்கள். சுவர் உறுதியாகவே இருந்தது. ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை. அதுவும் முற்றத்தைத் தாண்டி, மழையில், இருட்டில். பெண்கள் பலர் இரவு முழுவதும் தண்ணீரே குடிக்கவில்லை. என் பக்கத்தில் ஒரு கர்ப்பிணி, கொடுத்த தேநீரைக் கையில் வைத்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ஆகவே கழிப்பறையை மாடியிலேயே, தங்கும் கூடத்தோடு ஒட்டி, பெண்களுக்குத் தனியாகக் கேளுங்கள்.

கடல்பாசி எடுத்துவிட்டு உப்பு ஊறிய உடையோடு கரையேறும் பெண்களுக்கு மேலுக்கு ஊற்றிக்கொள்ள மறைவான இடமும் நல்ல தண்ணீரும் வேண்டும். மழைத்தொட்டி கட்டினால் அதில் ஒரு குழாய் அதற்கென்று இருக்கட்டும். சாவி யாரிடம் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றை நேற்று ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். பெண்கள் இந்த முறை முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் பெரியவர்கள் இருவர் எங்களோடு கரைக்கு வந்து, கச்சான் அடிக்கும் மூலையில் ஒரு கம்பும் வாடைச்சாரல் எட்டும் எல்லையில் ஒரு கம்பும் நட்டுத் தந்தார்கள்.

தரைத்தளத்துக்குக் கதவே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. எனவே அதற்குச் சாவியும் இல்லை. மாடிக்கு இரண்டு சாவிகள்: ஒன்று ஊர்க் கமிட்டியிடம், மற்றொன்று மகளிர் குழுவிடம். மாடியில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறைகள், கீழே மறைப்போடு ஒரு குளியலிடம், மழைத்தொட்டி ஆகியவற்றை மனுவில் சேர்த்திருக்கிறேன். கான்கிரீட் போடும் நாட்களில் நிற்க நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் பெண்கள்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டிமார்கள் புயல் இரவில் படியேற முடியாது என்பதால் சாய்தளம் வேண்டும் என்கிறார்கள். அதற்கு இடம் போதுமா என்று தெரியவில்லை. மதுரைக் கட்டடக்கலைஞர் ஐயா ஒருநாள் நேரில் வந்து பார்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும். கம்புகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.