ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் கை வைத்த கதைகள்

ஒற்றைக்கோர்வாசி:
ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கர்னலின் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) இன்ஸ்ட்ரக்‌ஷன்களை ஓட ஓடவே மாற்றி எழுதினேன். டம்ப்பில் (செத்த நேரத்து மெமரிப் பதிவு) பைட்டெல்லாம் சரியாக இருக்கிறது, மெஷின் மட்டும் செத்துக் கிடக்கிறது. இப்படி மாட்டியவர்கள் வேறு யாராவது உண்டா? என் கதையை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் ஆரம்பியுங்கள்.

எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் வகை) எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று கவனிக்கிற ஒரு டிரேஸிங் மாட்யூல் எழுதினேன். ஃபங்ஷனின் தொடக்கத்தில் ஐந்து பைட் நாப் (எதுவும் செய்யாத இன்ஸ்ட்ரக்‌ஷன்) இருக்கும். டிரேஸிங் வேண்டுமென்றால் அதே இடத்தில் கால் (வேறு ஃபங்ஷனை அழைக்கிற) இன்ஸ்ட்ரக்‌ஷனை எழுதுவேன்: முதல் பைட் இ8, மீதி நான்கு பைட்டில் போக வேண்டிய தூரம். அந்த மெமரியின் எழுத்துத் தடையை எடுத்துவிட்டு நேராக மெம்காப்பி (பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்). அவ்வளவுதான் என் அறிவு அப்போது. ஒரு கோர் விர்ச்சுவல் மெஷினில் ஓடியது. நாலு கோர் லேப்டாப்பில் ஒரு வாரம் ஓடியது. 32 கோர் சர்வரில் லோடு ஏற்றி, டிரேஸிங்கை மாறி மாறி ஆன், ஆஃப் செய்தபோது ஏழாவது நிமிடம் ஊப்ஸ் (கர்னல் தடுக்கி விழும்போது அச்சிடும் பிழை அறிக்கை).

செத்த முகவரியில் எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனும் இல்லை. போக வேண்டிய முகவரியை அதிலிருந்து கழித்துப் பார்த்தேன். மிகச்சரியாக 16 எம்பி, ஒரு பைட் கூடக் குறைச்சல் இல்லை. ரெண்டு நாள் மெமரி சிப் மேல் பழி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

விஷயம் இதுதான். போக வேண்டிய ஃபங்ஷன் பின்பக்கம் இருந்தது, அதனால் தூரம் மைனஸ், கடைசி பைட் எஃப்எஃப். பழைய நாப்பின் கடைசி பைட் 00. கம்பைலர் என் மெம்காப்பியை நாலு பைட், ஒரு பைட் என்று ரெண்டு ஸ்டோராக (மெமரியில் எழுதும் செயல்) உடைத்திருந்தது. அந்த இடைவெளியில் இன்னொரு கோர் புது நான்கையும் பழைய ஒன்றையும் சேர்த்துப் படித்துவிட்டது. எஃப்எஃப் இருக்க வேண்டிய இடத்தில் 00 இருந்தால் வித்தியாசம் 16 எம்பிதான். ஊப்ஸ் அச்சாகும் நேரத்துக்குள் ஐந்தாவது பைட் வந்து சேர்ந்துவிட்டதால் டம்ப் பரம யோக்கியமாக நிற்கிறது!

பைட்டெண்ணி:
தல, எட்டு பைட்டாக ஒரே ஸ்டோரில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பீர்களே?

ஒற்றைக்கோர்வாசி:
அதையும் செய்தேன். அந்த ஐந்து பைட் 64 பைட் கேஷ் லைன் (ப்ராசஸர் ஒரே கட்டாக எடுத்து வைக்கும் மெமரித் துண்டு) எல்லையில் குறுக்கே விழுந்தால் ஒரே ஸ்டோர் என்பதற்கே அர்த்தமில்லை. லைனுக்குள்ளேயே விழுந்தாலும், மற்ற கோர் ஏற்கெனவே எடுத்து வைத்த பைட்டுகளை யார் தூக்கி எறிவது? ஒரு கோர் எழுதி இன்னொரு கோர் ஓட்டுவதென்றால், ஓட்டுகிற கோர் முதலில் ஒரு சீரியலைசிங் (முன்பே எடுத்து வைத்ததை எறிந்துவிட்டுப் புதிதாக எடுக்க வைக்கிற) இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தாண்டியே ஆக வேண்டும் என்கிறது இன்டெல் மேனுவல். அதை மதிக்காவிட்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று எர்ராட்டாவே (ப்ராசஸர் குறைகளின் பட்டியல்) போட்டிருக்கிறார்கள்.

கடைசியில் லினக்ஸ் செய்வதையே செய்தேன். முதல் பைட்டில் மட்டும் இன்ட்3 (ஓடுகிற கோரை நிறுத்தி ஹேண்ட்லருக்கு அனுப்பும் ஒரு பைட் இன்ஸ்ட்ரக்‌ஷன்), அதாவது சிசி. எல்லா கோருக்கும் ஐபிஐ (ஒரு கோர் மற்றவற்றுக்கு அனுப்பும் குறுக்கீடு; அதுதான் அவற்றைச் சீரியலைஸ் செய்ய வைக்கும்). பிறகு பின்னாலுள்ள நான்கு பைட், மறுபடி ஐபிஐ. கடைசியாக முதல் பைட், இன்னொரு ஐபிஐ. நடுவில் வந்து விழுகிற கோரை இன்ட்3 ஹேண்ட்லர் பிடித்து, பழையதையோ புதியதையோ முழுசாகச் செய்தது போல அனுப்பிவிடும். அரைகுறை இன்ஸ்ட்ரக்‌ஷன் யார் கண்ணிலும் படாது.

(முதல் முயற்சியில் அந்த ஹேண்ட்லர் கூப்பிடுகிற ஃபங்ஷனிலேயே என் பேட்ச் புள்ளி (நான் மாற்றி எழுதும் இடம்) ஒன்று இருந்தது. ஹேண்ட்லருக்குள் இன்ட்3, அதற்குள் இன்னொரு இன்ட்3... ஸ்டேக் தீரும் வரை.)

பைட்டெண்ணி:
நான் உங்களைவிட ஜாக்கிரதையான ஆள். ஸ்டாப்_மெஷின் போட்டு எல்லா கோரையும் நிறுத்தி வைத்துத்தான் எழுதினேன். அப்படியும் செத்தது.

நான் மாற்றியது ஒரு ஐந்து பைட் இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லை. மூன்று பைட்டில் ஒன்று, ரெண்டு பைட்டில் ஒன்று. ரெண்டையும் சேர்த்து ஒரு ஜம்ப் ஆக்கினேன். ஊப்ஸில் பைட்டுகளைக் காட்டும் வரியில் இ9 (ஜம்ப்பின் முதல் பைட்) அழகாக இருக்கிறது, ஆனால் செத்த இடத்தைக் காட்டும் அம்புக்குறி அடைப்பு நிற்பதோ நான்காவது பைட்டில். யாராவது ஜம்ப்பின் நடு வயிற்றில் வந்து இறங்குவார்களா? இறங்கினார்கள். ஒரு த்ரெட் மூன்று பைட் இன்ஸ்ட்ரக்‌ஷனை முடித்த கையோடு ப்ரீஎம்ட் ஆகி, அதாவது பாதியில் இறக்கிவிடப்பட்டு, தூங்கியிருக்கிறது. நான் கோர்களை நிறுத்தினேன், தூங்குகிற த்ரெட்டை யார் நிறுத்தியது? அது எழுந்து, விட்ட இடத்துக்கே திரும்பியது. கர்னலின் ஆப்டிமைஸ்டு கேப்ரோப் (கர்னல் நடுவே கண்காணிப்புப் புள்ளி வைக்கும் வசதி) இதற்காகவே முதலில் இன்ட்3-ஐ வைத்துவிட்டு, அந்த நடு இடத்தில் எந்த டாஸ்க்கும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் ஜம்ப்பை எழுதுகிறது.

ஆர்ம்காரன்:
இங்கே 64 பிட் ஆர்ம் ப்ராசஸரில் எல்லா இன்ஸ்ட்ரக்‌ஷனும் நாலு பைட், கிழிந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் பிரச்சினை இல்லை என்று துள்ளாதீர்கள். டேட்டா கேஷைத் துடைத்து, இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷைச் செல்லாததாக்கி, ஐஎஸ்பி (இன்ஸ்ட்ரக்‌ஷன்களைப் புதிதாக எடுக்க வைப்பது) போட்டேன். அந்த ஐஎஸ்பி என் கோருக்கு மட்டும்தான்! நாப், பிராஞ்ச் மாதிரி ஒரு சின்னப் பட்டியலைத் தவிர வேறு எதையும் ஓடும்போதே மாற்றுவதற்கு ஆர்ம் உத்தரவாதம் தருவதில்லை. நான் மாற்றியது ஒரு ஆட் (கூட்டல்) இன்ஸ்ட்ரக்‌ஷன். மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பழைய கர்னல்:
2008-இல் லினக்ஸ் 2.6.27 சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களைக் கேளுங்கள். எஃப்டிரேஸ் (கர்னலின் சொந்த டிரேஸிங் வசதி) குறித்து வைத்திருந்த முகவரிகளில் சில, விடுவிக்கப்பட்ட மெமரியைச் சேர்ந்தவை. அதே முகவரிகளில் பிறகு இ1000இ நெட்வொர்க் கார்டின் என்விஎம் (கார்டின் அமைப்புகளை நிரந்தரமாக வைத்திருக்கும் மெமரி) வந்து உட்கார்ந்தது. எஃப்டிரேஸ் 'பழைய பைட் இருந்தால்தானே மாற்றப்போகிறேன்' என்று நம்பி சிஎம்பிஎக்ஸ்சேஞ்ச் (ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மாற்றும் இன்ஸ்ட்ரக்‌ஷன்) போட்டது. ஒப்பீடு தோற்றாலும் அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் பழைய மதிப்பையே திருப்பி எழுதும். ரேமில் அது தெரியாது. டிவைஸில் அது நிஜமாகவே எழுதுவதுதான். கார்டுகள் போயின. அப்போது ஒரே கோர் வைத்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது தம்பி.

அதற்குப் பிறகும் எக்ஸ்86 எஃப்டிரேஸ் பல காலம் ஸ்டாப்_மெஷினோடுதான் ஓடியது. இன்ட்3 முறைக்கு மாறியது 2012-இல், 3.5-இல்.

ஒற்றைக்கோர்வாசி:
அண்ணே, என் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரை சந்தோஷம். நேற்று ராத்திரி முழுக்க அதே 32 கோரில் ஆன், ஆஃப் ஓடவிட்டேன். இன்ட்3 ஹேண்ட்லரில் ஒரு கவுன்ட்டர் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் 212. எழுதிக்கொண்டிருந்த இடைவெளியில் அத்தனை தடவை ஏதோ ஒரு கோர் வந்து விழுந்திருக்கிறது.