விட்டு விட்டு அடிக்கும் காற்றுக்கு எந்த அளவு பாய்?

வணக்கம். விண்ட்சர்ஃபிங் பாய் அளவில் மூன்று மாதமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

நான் ஓட்டுவது மரங்கள் சூழ்ந்த ஏரி. காற்று 12 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் தவழும், அரை நிமிடத்தில் 22 நாட் வரை எகிறும், மறுபடி படுத்துவிடும். வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்கு என்பதைப் படித்திருக்கிறேன். இங்கே அதைக் கையிலேயே உணர்கிறேன்.

என் எடை 76 கிலோ. 110 லிட்டர் கொள்ளளவுள்ள ஃப்ரீரைடு (பொதுவான ஓட்டத்துக்கான) போர்டு. கேம் (பாயின் வளைவைப் பிடித்து வைக்கும் துண்டு) இல்லாத பாய்கள் இரண்டு: 5.3, 6.5 சதுர மீட்டர்.

6.5 கட்டினால், வீச்சு வந்ததும் பின்கை கனத்துப்போகிறது. போர்டின் மூக்கு எழும்புகிறது, பாயை விட்டுவிட வேண்டியதுதான். 5.3 கட்டினால் காற்று ஓய்ந்ததும் கணுக்கால் வரை தண்ணீர். அப்புறம் பிளானிங் (போர்டு நீர்மேல் வழுக்கி ஓடும் நிலை) பிடிக்க அடுத்த வீச்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

6.5-இல் டவுன்ஹாலை (பாயைக் கம்பத்தின் அடிநோக்கி இழுக்கும் கயிறு) 2 செ.மீ. கூட்டினேன். பாயின் பின்விளிம்பு மேல்பக்கம் நன்றாகத் தளர்ந்து, வீச்சின் முதல் அடி மென்மையானது. இதுவரை செய்ததில் உருப்படியானது இதுதான். ஆனால் ஓய்வில் இழுவை போய்விட்டது. அவுட்ஹாலை (பாயைப் பின்னோக்கி இழுக்கும் கயிறு) இறுக்கினேன், ஹார்னஸ் கயிறுகளை (இடுப்புப் பட்டையை மாட்டும் கயிறுகள்) பின்னுக்குத் தள்ளினேன், பூமையும் (கையால் பிடிக்கும் குறுக்குச் சட்டம்) இறக்கினேன். ஃபின்னை (போர்டின் அடியிலுள்ள துடுப்பு) 40-லிருந்து 36 செ.மீ. ஆக்கினேன், பெரிய வித்தியாசமில்லை.

இந்த எடைக்கும் இந்தக் காற்றுக்கும் நடுவில் ஒரு 5.8 வாங்குவதா, இல்லை 5.3-ஐயே வைத்துக்கொண்டு 125 லிட்டர் போர்டுக்கு மாறுவதா?