போர்க்காலத்தில் அரசை விமர்சிப்பது நாட்டுப்பற்றுக்கு எதிரானதா?

கேள்வி: தாமரைக்குளத்தான்

வணக்கம். எல்லையில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது அரசைக் கேள்வி கேட்பவன் எதிரிக்குத் துணைபோகிறவன் என்று எங்கள் பெரியப்பா அடித்துச் சொல்கிறார். 1962 அக்டோபரில் சீனப் படை தாக்கியபோது, அண்ணாவே திராவிட நாடு கோரிக்கையை ஒத்திவைத்துவிட்டு நேரு அரசுக்குத் துணை நின்றதை அவர் சான்றாகக் காட்டுகிறார். அப்படியென்றால் போர் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் முறையா?

பதில் 1: பழைய நாளேடு

உங்கள் பெரியப்பா சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வாஜ்பாயி, நாடாளுமன்றத்தை உடனே கூட்ட வேண்டும் என்று போர் நடந்துகொண்டிருந்தபோதே நேருவிடம் கேட்டார், நேருவும் கூட்டினார். நவம்பர் 8 அன்று விவாதம் தொடங்கியது. அதற்கு முந்தைய நாளே, சொந்தக் கட்சிக்காரர்களின் நெருக்குதல் தாங்காமல், பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அமைச்சரவையிலிருந்து விலகியிருந்தார். அரசின் சீனக் கொள்கையையும் படையின் ஆயத்தமின்மையையும் கடுமையாகச் சாடிய அதே அவைதான், நவம்பர் 14 அன்று, ஆக்கிரமிப்பாளரை விரட்டும் வரை ஓயமாட்டோம் என்ற தீர்மானத்தை எழுந்து நின்று நிறைவேற்றியது. சாடியவர்களில் ஒருவரைக்கூட நேரு தேசத்துரோகி என்று அழைத்ததாக நான் படித்ததில்லை.

பதில் 2: சிப்பாய் மகன்

நாடாளுமன்றத்தை இவ்வளவு மெச்ச வேண்டியதில்லை. தீர்மானம் நிறைவேறிய சில நாள்களுக்குள் வடகிழக்கு எல்லையில் சேலா கணவாயும் பொம்டிலா நகரமும் கைவிட்டுப் போயின. அவையில் பேசிய பேச்சு ஒரு கணவாயையும் காப்பாற்றவில்லை. என் தந்தை சிக்னல் பிரிவில் இருந்தவர். தலைவர்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதை முகாம் வானொலியில் கேட்பது பட்டினியைவிடக் கொடியது என்பார். எந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த வழியாகச் சரக்கு போகிறது என்பவற்றைப் பொதுவெளியில் பேசுவது விமர்சனமே ஆகாது. ஆயினும், நாம்கா சூ ஆற்றங்கரைப் பனியில் கான்வாஸ் ஷூவும் பருத்திச் சட்டையுமாக ஆட்களை நிறுத்தியது யார் என்று கேட்டவர்மீது அவருக்குக் கோபம் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி அவருடைய காலுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி.

பதில் 3: கரிசல் வாசகி

என் பாட்டி அந்த ஆண்டு பாதுகாப்பு நிதிக்குக் கையிலிருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றிக் கொடுத்தவர். கொடுத்துவிட்டு வந்த அன்றே, "இத்தனை வருசம் வாங்கின வரியில பிள்ளைகளுக்கு ஒரு கம்பளி வாங்கலையா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டாராம். வளையல் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. 'போர்க்காலம்' எப்போது முடிகிறது என்பதை முடிவு செய்வதும் அரசுதானே? 1962 அக்டோபர் 26 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை, சீனா ஒரே மாதத்தில் போரை நிறுத்திய பிறகும், 1968 ஜனவரி வரை நீடித்தது. சீனாவுக்கு எதிராகக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுதான் 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். இந்தியைத் திணிக்காதே என்பதற்கும் சீனப் படைக்கும் என்ன தொடர்பு? தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. போர் முடியட்டும், பிறகு கேட்கலாம் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த விடை அதுதான்.

தாமரைக்குளத்தான்

மூவருக்கும் நன்றி. பாளையங்கோட்டைச் செய்தியைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். 1965-இல் மதுரையில் கல்லூரி மாணவராக ஊர்வலத்தில் போய்த் தடியடி பட்டவர் அவர். எங்களிடம் இதுவரை சொன்னதில்லை. "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.