1806: நம் ஊர்த் தூணில் இருக்கும் எண்

அண்ணன்: (படம்) மக்கான் சிக்னலில் பஸ் நின்றபோது எடுத்தேன். நினைவுத்தூணுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்பே நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த நாள் இன்று.

காட்பாடி மாமா: நல்ல படம்டா. அந்தப் பக்கம் போனாலே அவர்கள் நினைவு வரும், கூடவே அந்த எண்ணும் வரும். 1806 சாதாரண எண் இல்லை. ஆண்டுக்கும் அதன் குணத்துக்கும் சம்பந்தம் கிடையாது, தற்செயல்தான், ஆனாலும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நான்: அப்படி என்ன மாமா அதில்?

ஆற்காடு பெரியம்மா: எனக்கும் புரிகிற மாதிரி சொல்லு தம்பி.

காட்பாடி மாமா: சரி அக்கா. 17 யானையைப் பங்கு போடும் கணக்கு நினைவிருக்கிறதா, ஒரு யானையைக் கடன் வாங்கிப் பிரித்துவிட்டு அதையே திருப்பிக் கொடுப்பார்களே, அதுபோல 41 புளியங்கொட்டை எடுத்து, ஒன்று கடன் சேர்த்து 42 ஆக்கிக்கொள்ளுங்கள். பாதி ஒரு பங்கு, மூன்றில் ஒன்று ஒரு பங்கு, ஏழில் ஒன்று ஒரு பங்கு.

ஆற்காடு பெரியம்மா: முறத்தில் பரப்பிப் பார்த்துவிட்டேன். 21, 14, 6. மூன்று குவியலும் சேர்ந்து 41தான், கடன் கொட்டை மட்டும் முறத்து ஓரத்தில் தனியாக நிற்கிறது!

காட்பாடி மாமா: அதேதான் அக்கா. இப்போது 42ஐ அடுத்த எண்ணான 43ஆல் பெருக்குங்கள், 1806. இதிலும் பாதி 903, மூன்றில் ஒன்று 602, ஏழில் ஒன்று 258, நாற்பத்து மூன்றில் ஒன்று 42. கூட்டினால் 1805, மறுபடியும் ஒன்றே ஒன்று மிச்சம்.

அண்ணன்: 2, 6, 42, 1806 என்று அடுத்த எண்ணால் பெருக்கிக்கொண்டே போகலாமே மாமா, 1806இல் மட்டும் என்ன விசேஷம்?

காட்பாடி மாமா: நல்ல கேள்வி. கணிதத்தில் பெர்னூலி எண்கள் என்று ஒரு வரிசை உண்டு, ராமானுஜன் 1911இல் வெளியிட்ட முதல் கட்டுரையே அவற்றைப் பற்றியதுதான். அந்த வரிசையில் 2ஆவது எண்ணைச் சுருக்கிய பின்னமாக எழுதினால் பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழே வரும் எண், 6. 6ஆவதற்குப் பகுதி 42. 42ஆவதற்கு 1806. சரி, 1806ஆவதற்கு? அதே 1806! தன் வரிசை எண்ணே தனக்குப் பகுதியாக வரும் பெர்னூலி எண் இது ஒன்றுதான், வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது.

நான்: ஏன் அங்கேயே நின்றுவிடுகிறது?

காட்பாடி மாமா: அதை நீயே கண்டுபிடி பாப்பா. 1806க்கு 16 காரணிகள். ஒவ்வொன்றோடும் 1 கூட்டு, வருவதில் பகா எண்களை மட்டும் பொறுக்கிப் பெருக்கு. பகுதி அப்படித்தான் கிடைக்கும்.

நான்: போட்டேன் மாமா. 2, 3, 7, 43 நான்குதான் தேறியது, பெருக்கினால் திரும்ப 1806! 259இல் கொஞ்சம் ஏமாந்தேன், அப்புறம் பார்த்தால் 7 × 37. கடைசியில் 1807 பகா எண் மாதிரியே தெரிந்தது, 11 வரை எதிலும் வகுபடவில்லை, 13இல் மாட்டியது. 13 × 139.

காட்பாடி மாமா: அந்த 13தான் காரணம். 1807 பகா எண்ணாக இருந்திருந்தால் பகுதி இன்னும் பெரிதாகிப் போயிருக்கும். நோட்டில் எழுதியதைப் படம் எடுத்து இங்கே போடு, 301ஐ விட்டுவிட்டாயா என்று பார்க்கிறேன்.

நான்: (படம்) விடவில்லை மாமா. 302, இரட்டைப்படை.